ஏழு கண்டங்களும் ஒரு டிராப்டவுனும்

1. சேர்ந்த கதை

செகந்திராபாத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் பதினெட்டு வருடம் புவியியல் எடுத்துவிட்டு, சாப்ட்வேர் கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்தவள் நான். கம்ப்யூட்டரைப் பற்றி அப்போது எனக்குத் தெரிந்ததெல்லாம், அதன்மேல் துணி போட்டு மூடிவைக்க வேண்டும் என்பது மட்டும்தான். எங்கள் பள்ளியில் இருந்த ஒரே கம்ப்யூட்டரை அப்படித்தான் வைத்திருந்தார்கள்.

இரண்டாயிரம் பிறந்து சில வருடங்கள் ஆகியிருந்தன. ஹைதராபாத் முழுக்க சாப்ட்வேர் பேச்சாக இருந்தது. எங்கள் பள்ளி நிர்வாகம் புவியியல் பீரியடில் பாதியை எடுத்துக் கம்ப்யூட்டர் வகுப்புக்குக் கொடுத்தது. என் பீரியடைக் கம்ப்யூட்டர் எடுத்துக்கொண்டதால் நானும் கம்ப்யூட்டர் இருக்கும் இடத்துக்கே போய்விட்டேன்.

பேகம்பேட்டில் ஒரு பேக்கரிக்கு மேல்மாடியில் ஆபீஸ். அமெரிக்கப் பள்ளிப் பிள்ளைகள் கம்ப்யூட்டரில் பார்த்துப் படிப்பதற்குப் பாடங்கள் செய்துகொடுக்கும் கம்பெனி அது. எங்கள் குழுவுக்கு வந்த பாடம் ‘கண்டங்களும் நிலத்தோற்றங்களும்’. நாலாம் வகுப்புக்கானது. முதல் நாளே என் கழுத்தில் ஓர் அட்டையை மாட்டிவிட்டார்கள். அதில் என் பெயர் கோமதி என்றும், பதவி எஸ்.எம்.ஈ. என்றும் இருந்தது. சப்ஜெக்ட் மேட்டர் எக்ஸ்பர்ட், அதாவது பாடத்தில் நிபுணர். ஆபீஸில் யாரும் அவ்வளவு நீட்டிச் சொல்லவில்லை. ‘ஸ்மீ மேடம்’ என்றே கூப்பிட்டார்கள்.

சாயங்காலம் மாரெட்பள்ளியில் வீட்டுக்கு வந்து இதைச் சொன்னேன். என் கணவர் கேட்டுவிட்டு, “ஏதோ மீன் பேரு மாதிரில்லா இருக்கு” என்றார். அவர் பாதுகாப்புத் துறையில் இருந்தார். தன் வேலையைப் பற்றி வீட்டில் ஒரு வார்த்தை பேசக்கூடாது என்பதால், என் வேலையைப் பற்றி நிறையக் கருத்து வைத்திருந்தார்.

ஆபீஸில் தெலுங்கு, இந்தி, ஆங்கிலம் எல்லாம் கலந்துதான் பேச்சு. இங்கே பெரும்பாலும் தமிழாக்கியே தருகிறேன். ‘நக்கோ’ (வேண்டாம்), ‘கைக்கு’ (எதற்கு) என்று ஹைதராபாத் வார்த்தைகள் ஒன்றிரண்டை மட்டும் அப்படியே விட்டிருக்கிறேன்.

2. அஃப்சரின் மலைகள்

அஃப்சர் எங்கள் அனிமேட்டர். ஹைதராபாத்தின் பழைய நகரப் பகுதிக்காரர், முப்பது வயது இருக்கும். இதற்குமுன் கல்யாண வீடியோக்கள் எடுத்துக்கொண்டிருந்தவர். மாப்பிள்ளை பெயரும் பெண் பெயரும் இதயத்துக்குள்ளிருந்து சுழன்றுகொண்டு வருமே, அந்த வேலையில் கெட்டிக்காரர். எங்கள் கம்பெனியில் இடம் கிடைத்ததும் கேமராவை விற்றுவிட்டு வந்துவிட்டார்.

அவர் எதை வரைந்தாலும் அதில் கல்யாணக் களை வந்துவிடும். எரிமலை வெடித்தால் ஜிகினா பறந்தது. ஒவ்வொரு மலைக்குப் பின்னாலும் சூரியன் உதித்தது, முன்னால் ஜோடியாக இரண்டு பறவைகள் பறந்தன.

“பறவை எதுக்கு அஃப்சர்?”

“காலியா இருக்கு மேடம். பசங்களுக்கு போர் அடிக்கும்.”

அவர் வரைந்த முதல் ஆறு கடலில் தொடங்கி மலையில் போய் முடிந்தது. ஆறு மேலிருந்து கீழேதான் ஓட வேண்டும் என்றேன். “அப்ப மலைய இந்தப் பக்கம் வெச்சிடறேன்” என்றார். ஆற்றைத் திருப்புவதைவிட மலையைத் தூக்கி வைப்பது அவருக்குச் சுலபமாக இருந்தது.

பீடபூமிக்கு வந்தபோதுதான் நிஜமான தகராறு. ‘மேசை நிலம் என்றும் சொல்வார்கள்’ என்று நான் ஸ்டோரிபோர்டில், அதாவது எந்தத் திரையில் என்ன வரவேண்டும் என்ற குறிப்பில், எழுதியிருந்தேன். அஃப்சர் ஒரு பெரிய புல்வெளி வரைந்து, அதற்கு நாலு கால் போட்டிருந்தார். கால்களில் கடைசல் வேலைப்பாடு வேறு.

அவரை ஜன்னலுக்குக் கூட்டிக்கொண்டு போனேன். “வெளிய பாருங்க. இதுதான் பீடபூமி. நாம தக்காணப் பீடபூமி மேலதான் நிக்கிறோம். கடல் மட்டத்துலேருந்து ஐந்நூறு மீட்டருக்கு மேல.”

அவர் எட்டிப் பார்த்தார். கீழே மேம்பாலமும் ஆட்டோக்களும் தெரிந்தன.

“நக்கோ மேடம், கிண்டல் பண்ணாதீங்க. நான் பொறந்ததுலேருந்து இங்கதான் இருக்கேன். எங்கயும் ஏறினதே இல்ல.”

பீடபூமியின் மேலேயே பிறந்து வளர்ந்தவருக்கு அது உயரம் என்று எப்படித் தெரியும்? வகுப்பில் தக்காணம் என்று போர்டில் எழுதிப் போட்டு நகர்ந்துவிடுவேன். எந்தப் பிள்ளையும் இதைக் கேட்டதில்லை.

அஃப்சர் அன்று முழுக்க யோசனையாக இருந்தார். மறுநாள் கீழே பேக்கரியிலிருந்து ஒரு முழுக் கேக் வாங்கிக்கொண்டு வந்து என் மேசையில் வைத்தார். கத்தியால் ஒரு பக்கத்தைச் சரிவாகச் சீவினார்.

“நிக்கிற எடத்துலேருந்து தெரியாதுன்னா, தள்ளிப் போய்ப் பாக்கணும் மேடம். கேமராவ மசூலிப்பட்டணம் கடல்ல வெக்கறேன். தண்ணியிலேருந்து மெதுவா உள்ள வரும். முதல்ல சமவெளி. அப்புறம் இந்தச் சரிவு. அப்புறம் மேல வந்து திரும்பிப் பார்க்கும். கடல் கீழ கெடக்கும்.”

அந்தப் பாடத்திலேயே நல்ல காட்சி அதுதான். கேக்கை எல்லாரும் டீயோடு சாப்பிட்டோம்.

3. நாலு என்று வந்த பக்

ஷர்மிளா எங்கள் டெஸ்டர். அப்பா அம்மா தமிழர்கள், வீடு லோத்குண்டாவில். தமிழ் பேசுவாள், எழுத்துக் கூட்டிப் படிக்க வராது. நாங்கள் செய்த பாடத்தை ஒவ்வொரு திரையாகத் திறந்து தப்புக் கண்டுபிடிப்பது அவள் வேலை. தப்புக்குப் பெயர் பக். அதை அவள் கம்ப்யூட்டரில் பதிவு செய்து, யார் பொறுப்போ அவர் பெயரில் தள்ளிவிடுவாள். அவர் காரணம் சொல்லி மூட வேண்டும். காரணம் பிடிக்காவிட்டால் ஷர்மிளா மறுபடி திறந்துவிடுவாள். அதற்கு ரீஓப்பன் என்று பெயர்.

முதலில் வந்த பக்கெல்லாம் நியாயமானவை. மலையைக் கிளிக் செய்தால் பள்ளத்தாக்கு திறந்தது, பாலைவனத்தில் மழைச் சத்தம் கேட்டது. பிறகு என் பெயருக்கும் வர ஆரம்பித்தன. ‘ஆஸ்திரேலியா கண்டங்களிலும் வருகிறது, தீவு மாதிரி சுற்றிலும் தண்ணீரும் இருக்கிறது. எது சரி?’ ‘ஐரோப்பாவுக்கும் ஆசியாவுக்கும் நடுவில் கடல் விடுபட்டிருக்கிறது.’

மூடுவதற்கான காரணங்களில் ‘வடிவமைப்பே அப்படித்தான்’ என்று ஒன்று இருந்தது. அதைத் தேர்ந்தெடுத்து ஐரோப்பாவை மூடினேன். ஷர்மிளா எழுந்து என் மேசைக்கு வந்தாள்.

“டிசைன் டாக்குமென்ட் எங்க மேடம்?”

“இதுக்கெல்லாம் டாக்குமென்ட் கிடையாதும்மா. பண்ணினவரு எழுதி வைக்கல.”

“அப்ப ரீஓப்பன் பண்றேன்” என்று சொல்லிவிட்டுப் போனாள். செய்தும் விட்டாள்.

டெலிவரிக்கு ஒரு வாரம் இருக்கும்போது பெரிய பக் வந்தது. பாடத்தின் முதல் வரியாக நான் எழுதியிருந்தது இது: ‘கண்டம் என்பது நீரால் பிரிக்கப்பட்ட மிகப் பெரிய நிலப்பரப்பு.’ ஷர்மிளா எழுதியிருந்தாள்: ‘வரையறைப்படி எண்ணினால் நாலு வருகிறது. திரையில் ஏழு இருக்கிறது. உடனே சரிசெய்யவும்.’

நானே அவளிடம் போனேன். “நாலு எப்படிம்மா வரும்?”

அவள் உலகப் படத்தைத் திறந்து விரலை வைத்தாள். “ஐரோப்பாலேருந்து ஆசியாவுக்கு நடந்தே போயிடலாம். அப்ப அது ஒண்ணு. அங்கேருந்து ஆப்பிரிக்காவுக்கும் நடந்து போலாம்.”

“நடுவுல சூயஸ் கால்வாய் இருக்கு.”

“அது மனுஷங்க வெட்டினது. வெட்டறதுக்கு முன்னாடி?”

“சரி. வட அமெரிக்கா, தென் அமெரிக்கா?”

“பனாமாவும் வெட்டினதுதானே மேடம். அப்ப அது ரெண்டு. ஆஸ்திரேலியா மூணு. அன்டார்டிகா நாலு. அவ்ளோதான்.”

ஐரோப்பாவையும் ஆசியாவையும் பிரிக்கிற யூரல் மலையைச் சொன்னேன். சரித்திரத்தைச் சொன்னேன். மொழி, பண்பாடு எல்லாம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுக்கொண்டாள்.

“அதெல்லாம் கரெக்ட். ஆனா டெஃபினிஷன்ல தண்ணின்னுதானே இருக்கு. கைக்கு டென்ஷன் மேடம்? டெஃபினிஷன மாத்திடுங்க, நான் க்ளோஸ் பண்ணிடறேன்.”

நான் படித்த புத்தகத்திலும் நீர்தான் இருந்தது, நான் நடத்திய புத்தகத்திலும் நீர்தான் இருந்தது. அந்த வரியைச் சொல்லிவிட்டு அதே மூச்சில் ஏழு என்று சொல்வோம். பிள்ளைகளும் ஏழு என்று எழுதுவார்கள். வரியை வைத்துக்கொண்டு யாரும் எண்ணிப் பார்த்ததில்லை.

வீட்டில் வந்து பொருமினேன். என் கணவர் அட்லஸை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு விரலால் கொஞ்ச தூரம் நடந்து பார்த்தார். “அந்தப் பிள்ள சொல்லுதது சரிதான். எங்க ஆபீசுக்கு வந்திருந்தா நல்லா மேல போயிருப்பா” என்றார். அன்று ரசத்தில் உப்பு இல்லை என்று அவர் சொன்னதை நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

4. ஏழும் ஆறும்

சுதாகர் எங்கள் புராஜெக்ட் மேனேஜர். விஜயவாடாக்காரர், நல்ல மனிதர். பதற்றம் வந்தால் பேனா மூடியைக் கடிப்பார். அந்த வாரம் மூடி இல்லாத பேனாக்களாகவே அவர் மேசையில் கிடந்தன. ஒரு பக் கூட மிச்சமில்லாமல் டெலிவரி செய்தால்தான் அடுத்த பகுதி எங்களுக்கு வரும், இல்லாவிட்டால் வேறு ஊர்க் கம்பெனிக்குப் போய்விடும் என்று அமெரிக்கக் கிளையன்ட் சொல்லியிருந்தார்கள். அஃப்சரும் நானும் ஒப்பந்தத்தில் இருந்தவர்கள். அடுத்த பகுதி வராவிட்டால் நான் பழைய பள்ளியில் போய் மீதிப் பீரியடைக் கேட்க வேண்டும். அஃப்சருக்குப் பழைய வேலைக்குத் திரும்பிப் போகக் கேமராவும் இல்லை.

வரையறையை மாற்றலாம், ஆனால் கிளையன்ட் ஒப்புதல் இல்லாமல் ஒரு வார்த்தையைக்கூட மாற்றக்கூடாது. விடிகாலையில் நாங்கள் வந்தால் அவர்களுக்கு முந்தின நாள் சாயங்காலம். ஸ்பீக்கர் போனைச் சுற்றி உட்கார்ந்தோம்.

மறுமுனையில் டோனா இருந்தார். அமெரிக்கப் பள்ளிகளுக்கான பாடங்களைப் பார்த்து ஒப்புதல் தருபவர். அன்று புதிதாக எர்னெஸ்டோ என்பவரும் சேர்ந்துகொண்டார். இதே பாடம் ஸ்பானிஷிலும் வரப்போகிறது, அதற்கு அவர் பொறுப்பு. அர்ஜென்டினாவில் பிறந்தவர்.

சுதாகர் வரையறையைப் பற்றி ஆரம்பித்தார். எர்னெஸ்டோ குறுக்கிட்டார்.

“அதுக்கு முன்னாடி ஒரு சந்தேகம். ஏன் ஏழு போட்டிருக்கீங்க?”

“ஏழுதானே எர்னெஸ்டோ. எல்லாருக்கும் தெரிஞ்சதுதான்” என்றார் டோனா.

“எல்லாருக்கும்னா யாருக்கு? எங்க ஊர்ல எல்லாக் குழந்தைக்கும் தெரிஞ்சது ஆறு. அமெரிக்கா ஒரே கண்டம். அதை ரெண்டா வெட்டினது யாருன்னு எனக்கு இன்னிக்கு வரைக்கும் தெரியல.”

“வெட்டல. அது ரெண்டாத்தான் இருக்கு.”

“நடுவுல எங்க அத்தை வீடு இருக்கு. பனாமால. அவங்க எந்தக் கண்டம்னு சொல்லுங்க.”

இப்படியே போய்க்கொண்டிருந்தது. சுதாகர் மியூட் பட்டனை அழுத்திவிட்டு என் பக்கம் திரும்பினார். “மேடம், நீங்க ஏதாவது சொல்லுங்க. நீங்கதானே ஸ்மீ.” உடனே மியூட்டை எடுத்துவிட்டார். யோசிக்கக்கூட நேரம் தரவில்லை.

எனக்கு வாயில் வந்தது ஷர்மிளாவின் பக்தான். “எங்கள் டெஸ்டர் எண்ணிப் பார்த்தார். நீங்கள் ஒப்புக்கொண்ட வரையறைப்படி நாலுதான் வருகிறது” என்றேன்.

லைன் போய்விட்டதோ என்று சுதாகர் போனைக் குனிந்து பார்த்தார்.

“நாலா?” என்றார் டோனா.

“நாலா?” என்றார் எர்னெஸ்டோ.

அன்றைய போன் பேச்சில் இரண்டு பேரும் ஒரே மாதிரி சொன்ன முதல் வார்த்தை அது. ஷர்மிளாவின் விரல் போன வழியிலேயே நானும் விளக்கினேன். தப்பு என்று யாராலும் சொல்ல முடியவில்லை. ஆனால் இருவருக்கும் பயம் வந்துவிட்டது.

“ஐரோப்பாவும் ஆப்பிரிக்காவும் ஒரே கண்டம்னு எந்தப் பள்ளிக்கூடத்துல போய்ச் சொல்றது?” என்றார் டோனா.

“டோனா சொல்றது ரொம்ப சரி” என்றார் எர்னெஸ்டோ.

நாலு வந்ததும் ஏழும் ஆறும் ஒரே கட்சியாகிவிட்டன. கொஞ்ச நேரத்தில், நீர் என்பதை எடுத்துவிட்டு, ‘மக்கள் வழக்கத்தில் பிரித்துக்கொண்ட பெரும் நிலப்பகுதிகள்’ என்று மாற்ற ஒப்புக்கொண்டார்கள். ஷர்மிளா அங்கேயே தன் பக்கை மூடினாள். மற்ற பக்கெல்லாம் அதற்குள் முடிந்திருந்தன. எங்கள் பக் கணக்கு முதல் தடவையாகப் பூஜ்யத்துக்கு வந்தது.

எண்ணிக்கை மட்டும் பாக்கி. சுதாகருக்குத் திடீரென்று உற்சாகம் வந்துவிட்டது. “ஒரு டிராப்டவுன் போட்டுடலாம், கிளிக் பண்ணினா லிஸ்ட் கீழ விரியும். ஏழு வேணும்னா ஏழு, ஆறு வேணும்னா ஆறு. ஸ்கூலே செலக்ட் பண்ணிக்கட்டும்.” கிளையன்ட் இருவருக்கும் அது பிடித்துப்போனது.

“பூமிக்கு டிராப்டவுனா?” என்று நான் கேட்டேன். என் குரல் அமெரிக்கா போகவில்லை. சுதாகர் முன்யோசனையாக மியூட்டை அழுத்தியிருந்தார்.

5. தென் அமெரிக்காவைக் காணோம்

டிராப்டவுனை சுதாகரே எழுதினார். மேனேஜர் ஆவதற்கு முன் அவர் புரோகிராமர். கையில் இன்னும் பழக்கம் இருக்கிறது என்று எங்களுக்குக் காட்ட ஆசை. எழுதி முடித்ததும் டெஸ்டிங்குக்குக் கொடுக்கவில்லை.

“கைக்கு சார்?” என்று ஷர்மிளா கேட்டாள்.

“சின்ன விஷயம். நீ பார்த்தா எதையாவது கண்டுபிடிப்ப. இப்பதான் ஜீரோ வந்திருக்கு.”

டெமோ அன்று காலையில் அஃப்சர் இஸ்திரி போட்ட புதுச்சட்டையில் வந்தார். கீழே பேக்கரியில் பஃப்ஸ் சொல்லி வைத்திருந்தோம். எங்கள் திரையை அமெரிக்காவில் அப்படியே பார்க்கலாம், அங்கிருந்தே கிளிக்கும் செய்யலாம்.

எரிமலை ஜிகினா இல்லாமல் வெடித்தது. ஆறு ஒழுங்காகக் கீழே ஓடியது. பீடபூமிக் காட்சியை டோனா இன்னொரு தரம் போடச் சொன்னார். அஃப்சர் முதுகை நிமிர்த்திக்கொண்டார். பிறகு கண்டங்கள். டோனா ஏழைத் தேர்ந்தெடுத்தார், ஏழும் வண்ணம் வண்ணமாக எழுந்து நின்றன.

“இப்ப என்கிட்ட குடுங்க” என்றார் எர்னெஸ்டோ. டிராப்டவுனில் ஆறைத் தேர்ந்தெடுத்தார்.

தென் அமெரிக்கா மறைந்தது. அந்த இடத்தில் வெறும் நீலம். கிளிக் செய்யும்போதெல்லாம் தண்ணீரில் கல் விழுகிற சத்தம் வரவேண்டும் என்று அஃப்சர் ஆசையாக ஒன்று சேர்த்திருந்தார். ‘ப்ளக்’ என்று அதுவும் கேட்டது.

எர்னெஸ்டோவின் குரல் மெதுவாக வந்தது. “நான் பொறந்த ஊர் அங்கதான் இருந்தது.”

“லோட் ஆகிட்டிருக்கு சார்” என்றார் சுதாகர்.

“இன்னொரு தரம் பாக்கறேன்.” ஏழு. கண்டம் வந்தது. ஆறு. ப்ளக். போய்விட்டது.

ஷர்மிளா என் காதருகே குனிந்தாள். “இங்கிலீஷ் அகரவரிசைல சவுத் அமெரிக்காதான் கடைசி மேடம். ஆறு பண்றதுக்கு ரெண்டையும் சேக்கல, கடைசில இருக்கறத வெட்டிட்டாரு.”

சுதாகர் பேனாவையே கடித்துக்கொண்டிருந்தார். அஃப்சரின் முகத்தைப் பார்க்க முடியவில்லை. இன்னும் இரண்டு தரம் ‘லோட் ஆகிறது’ என்று சொல்லியிருந்தால் அடுத்த பகுதியும் அந்த நீலத்துக்குள் போயிருக்கும். நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு போன் பக்கம் போனேன்.

“சார், லோட் எதுவும் ஆகல. இது எங்க தப்பு. நீங்க எண்ணிக்கையைத்தான் மாத்தினீங்க, நாங்க நிலத்தை மாத்திட்டோம். ஆறுன்னாலும் ஏழுன்னாலும் நிலம் அதேதான் இருக்கணும். கோடு மட்டும்தான் மாறணும்.”

எர்னெஸ்டோ சிரித்தார். முதலில் மெதுவாக, பிறகு இருமல் வருகிற அளவுக்கு.

“டோனா, நான் இத்தனை நாளா சொன்னது இதைத்தான். அந்த அம்மா ஒரே வரியில சொல்லிட்டாங்க.”

“அப்ப எண்ணிக்கையை என்ன பண்றது?” என்றார் டோனா. அவர் சிரிக்கவில்லை.

நான் சொன்னேன். “முதல் திரையில எண்ணே வேண்டாம். நிலத்தையும் கடலையும் மட்டும் காட்டுவோம். எத்தனை பெரிய துண்டு தெரியுதுன்னு பிள்ளைகளையே எண்ணச் சொல்லுவோம். எப்படி எண்ணினன்னு கேப்போம். அதுக்கப்புறம் அவங்க ஊர்ல எப்படிப் பிரிக்கிறாங்கன்னு டீச்சர் சொல்லட்டும்.”

டோனா கொஞ்சம் யோசித்தார். “நாலுன்னு சொன்னா?”

“எங்க டெஸ்டர் மாதிரி எண்ணியிருக்குன்னு அர்த்தம். தப்பில்ல.”

ஒரு வழியாக ஒப்புக்கொண்டார். டிராப்டவுனை அன்றே எடுத்துவிட்டோம். எழுதுவதைவிட எடுப்பது சுலபம் என்று சுதாகரே சொன்னார். பஃப்ஸ் ஆறிப்போயிருந்தது, இருந்தாலும் ஒன்றும் மிச்சமில்லை. அடுத்த பகுதி எங்களுக்கே வந்தது. அஃப்சர் அம்மாவுக்குப் போன் செய்து, வேலை இருக்கிறது என்று மட்டும் சொன்னார். தென் அமெரிக்கா காணாமல் போனதைச் சொல்லவில்லை.

ஷர்மிளா மட்டும் விடவில்லை. “சார், இனிமே சின்ன விஷயமும் டெஸ்டிங்குக்கு வருமா?”

“ஹவ்” என்றார் சுதாகர். விஜயவாடாக்காரர் வாயில் ஹைதராபாத் ‘ஆமாம்’ அன்றுதான் முதலில் வந்தது.

6. எட்டு

பாடம் பள்ளிகளுக்குப் போய்ச் சில மாதங்கள் கழித்து, அமெரிக்காவில் ஓர் ஆசிரியை டோனா மூலமாக எனக்கு மெயில் அனுப்பினார். ஒரு சிறுமி எட்டு என்று எண்ணியிருக்கிறாள். ஏழோடு கிரீன்லாந்தையும் சேர்த்துக்கொண்டாள். படத்தில் அது ஆஸ்திரேலியாவைவிடப் பெரிதாகத் தெரிகிறதே என்கிறாள். தப்புப் போடட்டுமா என்று கேட்டிருந்தார்.

உருண்டையைத் தட்டையாக விரித்தால் துருவத்துப் பக்கம் இருப்பதெல்லாம் பெருத்துப் போகும். வகுப்பில் குளோப் இருந்தால் அவள் கையில் கொடுங்கள், இரண்டையும் உள்ளங்கையால் மூடிப் பார்க்கட்டும் என்று பதில் எழுதினேன்.

மறுநாளே மறு மெயில். மூடிப் பார்த்தாளாம். கிரீன்லாந்து கைக்குள் அடங்கிவிட்டது, ஆஸ்திரேலியா அடங்கவில்லை. ஒப்புக்கொண்டுவிட்டாள். ஆனால் அடுத்த கேள்வி கேட்டிருக்கிறாள்: எவ்வளவு பெரிதாக இருந்தால் கண்டம்?

அதற்கு அளவு என்று யாரும் வைக்கவில்லை, பெரியவர்கள் ஆஸ்திரேலியாவோடு நிறுத்திக்கொண்டார்கள், அவ்வளவுதான் என்று எழுதினேன். அந்தக் குழந்தைக்கு முழு மதிப்பெண் போடுங்கள் என்றும் எழுதினேன். போட்டுவிட்டதாகப் பதில் வந்தது.

பாடம் எடுக்கப் போகிறவர்களுக்கும் பாடம் செய்யப் போகிறவர்களுக்கும் நான் சொல்ல நினைப்பது ஒன்றுதான். ஒரு வரையறையை எழுதினால், அதை வைத்துக்கொண்டு நீங்களே ஒரு தரம் உலகத்தை எண்ணிப் பாருங்கள். கணக்கு ஒத்துவராவிட்டால் வரையறையைத் திருத்துங்கள். உலகத்தைத் திருத்தப் போனால் யாரோ ஒருவர் பிறந்த ஊர் காணாமல் போய்விடும்.